பட்டை டப்பாவில் ஒட்டிய சீட்டு

எங்கள் குடும்பத்தில் யாரும் மருந்து சாப்பிடுவதில்லை. டாக்டர் கேட்டால் அப்படித்தான் சொல்வோம். வீட்டில் இருக்கிறவரைக்கும் சமையலறையில் உள்ள ஒவ்வொன்றும் மருந்து. சீரகம் வயிற்றுக்கு, மிளகு சளிக்கு, பட்டை சர்க்கரைக்கும் கொழுப்புக்கும். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் அதெல்லாம் மறுபடியும் மளிகைச் சாமான் ஆகிவிடும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

நான் இருபத்திரண்டு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் என்ற ஒன்றை ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வேலையை விடவில்லை. கண்ணாடிக் குழாய்கள் என்னிடம் குறட்டை விடுவதில்லை. என் உடம்பு மட்டும் என் ஈரலை எதிரி என்று முடிவு செய்து பத்து வருடமாக அதனுடன் சண்டை போட்டது. போன வருடம் ஜெயித்துவிட்டது. என் ரிப்போர்ட்டை நானே எடுத்தேன். மிஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து இரண்டாம் தடவை ஓட்டினேன். மிஷின் நன்றாகத்தான் இருந்தது.

ஈரல் டாக்டர் நேராகப் பேசுகிறவர். ஆறு மாதத்துக்குள் வேறு ஈரல் வேண்டும் என்றார். ரத்த உறவில் யாராவது தங்கள் ஈரலில் ஒரு பாதியைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்ந்துவிடும் என்றார். அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது. மிச்சம் இருந்தது தம்பி.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் குழிக்குள் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பாட்டுப் பாடுகிறவன். ஊசியைக் கண்டால் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகிவிடும். சின்ன வயதில் தடுப்பூசி போட வந்த நர்ஸைக் கடித்திருக்கிறான். அவன்தான், நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள், "எப்போ வரணும்?" என்று கேட்டான். நான் அவன் முன்னால் அழவில்லை. வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ரத்த வகை பொருந்தியது. ஸ்கேனில் ஒரு சிக்கல். அவன் ஈரலில் கொழுப்பு இருந்தது. எட்டுக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், நான்கு மாதம் டைம் என்றார் டாக்டர். ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு நர்ஸ் அக்கா உண்டு. அவர் அம்மா, தம்பி, தம்பி மனைவி, நான் என்று எங்கள் நாலு பேரையும் உட்கார வைத்து, குடிக்கக் கூடாது, வெளி மருந்து எதுவும் கூடாது, நாட்டு மருந்தும் கூடாது என்று விரல் மடக்கிச் சொன்னார். நாங்கள் நாலு பேரும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்கள் குடும்பத்தை யாராலும் அடிக்க முடியாது.

தம்பி படியேற ஆரம்பித்தான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வந்தவனே படியேறிப் போனால் அந்தக் கட்டடத்துக்காரர்களுக்கு என்ன தோன்றும்? மூன்று இடத்தில் புகார் போயிற்று. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "அக்காவுக்காகப் படி ஏறுறேன் சார்" என்றிருக்கிறான். அவர் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்து விட்டுவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினான். பெல்ட்டில் புது ஓட்டை போட்டான். நாலாவது மாதம் ஒன்பது கிலோ குறைந்து, கழுத்துக்குப் பொருந்தாத காலரோடு வந்து நின்றான். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள்.

தேதிக்குப் பத்து நாள் முன்னால் கடைசிப் பரிசோதனை. ஸ்கேனில் கொழுப்பு போயிருந்தது. ஆனால் எஸ்ஜிபிடி 214. இது ஈரல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு எண். நாற்பதைத் தாண்டக் கூடாது. நாலு மாதம் முன்னால், அத்தனை கொழுப்போடு இருந்தபோதே அவனுக்கு 38.

தேதியை ரத்து செய்தார்கள். மஞ்சள் காமாலைக் கிருமி எதுவும் இல்லை. வேறு எந்தக் கிருமியும் இல்லை. நர்ஸ் அக்கா மறுபடியும் விரலை மடக்கினார்.

"குடிப்பீங்களா?"

"இல்ல."

"வலி மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து?"

"எதுவும் இல்ல."

அவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "மருந்து எதுவும் சாப்பிடறதில்ல" என்றார் அம்மா. "சாப்பிட மாட்டாருங்க" என்றாள் தம்பி மனைவி. "இல்ல" என்று நானும் சொன்னேன்.

ஆறு வாரம் பார்க்கலாம், இறங்காவிட்டால் வேறு ஆள் தேடுங்கள் என்றார் டாக்டர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் எண்களைக் காட்டினார். அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அந்தப் பாஷை தெரியும். வேறு ஆள் இல்லை, ஆறு வாரத்துக்குப் பிறகு அதிகமாக வாரங்களும் இல்லை.

காரணம் தெரியாத எண் வந்தால் ஆளுக்கொரு காரணம் தயாராக இருக்கும். அம்மா அவன் வேலையில் ஏதோ எண்ணெய்ப் புகையை முகர்கிறான் என்றார். தம்பி மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் தேதி வாரியாக யோசித்து, போன மாதம் அவன் இரண்டு நாள் நேரங்கழித்து வந்ததைக் கண்டுபிடித்து, அவனோடு பேசுவதை நிறுத்தினாள். நான் வெளியே எதுவும் சொல்லவில்லை. உள்ளே எல்லாரையும்விட மோசமாக நினைத்தேன். அவன் பயந்துவிட்டான், கொடுக்க மனமில்லை, முடியாது என்று என்னிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் பார்த்த வேலை அப்படி. 214 என்று வந்தால் நூற்றுக்கு எண்பது பேர் குடிப்பார்கள். மிச்சம் இருபது பேர் குடிப்பதில்லை என்று சொல்வார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கூடத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில் அவனை வரச் சொன்னேன். வாரா வாரம் நானே ரத்தம் எடுத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல் கையை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தை மின்விசிறியிடம் கொடுத்தான்.

"உண்மைய சொல்லு. குடிக்கிறியா?"

"இல்லக்கா."

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

இது பொய். கோபத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டுக்கொண்டிருந்தது.

"பயமாத்தான் இருக்கு" என்றான் மின்விசிறியிடம். "பயமா இருந்தா குடிக்கணுமா? நான் பயந்தா படியேறுறேன்."

நான் ரப்பர் குழாயை அவன் கையில் கட்டக் குனிந்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சட்டையில் இல்லை, தோலிலேயே இருந்தது. பேக்கரிக்குள் நுழைந்தமாதிரி.

"என்னடா வாசனை?"

"பட்டை" என்றான். "காலையில ரெண்டு ஸ்பூன் பொடிய சுடுதண்ணியில கலக்கிக் குடிக்கிறேன். கொழுப்பு கரையும்."

"எத்தனை நாளா?"

"எட்டுக் கிலோ குறைக்கச் சொன்னாங்கல்ல. அதுலேர்ந்து."

"நர்ஸ் அக்கா ரெண்டு தடவ கேட்டாங்களே. வாய்ல என்ன வெச்சிருந்த?"

"மருந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டாங்க. இது பட்டைதானே?"

ஊசியை இறக்கினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். ரத்தம் குழாயில் ஏறும்போது, "இத யாரு உனக்கு சொன்னது?" என்று கேட்டேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். ஊசி கையில் இருக்கும்போது அவன் என்னை நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எல்லாருந்தான் சொல்றாங்க" என்றான். பிறகு மறுபடி மின்விசிறியைப் பார்த்தான்.

பட்டை அதிகமானால் ஈரலைக் கெடுக்கும் என்று தேடிப் படித்துவிட்டு, அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். என் உடம்பு இருந்த நிலைமைக்கு நான் இரண்டு மாடி ஏறியிருக்கக் கூடாது. கோபம் ஏற்றிவிட்டது. அம்மா அவர்களோடுதான் இருக்கிறார். மூன்று பேரையும் சமையலறையில் நிற்க வைத்து, பட்டையைச் சாப்பிட்டு இவன் ஈரலைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான் என்றேன்.

தம்பி மனைவியின் முகம் மாறியது.

"அவரா? அவரு எங்க அண்ணி சாப்பிட்டாரு? நான்ல டீயில போட்டுக் குடுக்கிறேன். தினமும் ஒரு ஸ்பூன்."

"நீயுமா?" என்றான் தம்பி.

"நீயுமான்னா?"

அம்மா தொண்டையைச் செருமினார். "ராத்திரி பால்ல நானும் ஒரு ஸ்பூன் போடுறேன்" என்றார். "அவ டீயில போடுறது எனக்குத் தெரியாது. பொடி தீரத் தீர நான்தான் வாங்கி அரைச்சு வெச்சேன்."

ஆக மொத்தம் நாலு ஸ்பூன். கணக்கு டீச்சர் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளி மருந்து கூடாது என்று எல்லாரும் தலையாட்டியிருந்ததால், யாரும் அடுத்தவரிடம் சொல்லவில்லை.

"டீயில வாசனை வருமேடா. உனக்குத் தெரியலியா?" என்று கேட்டேன்.

"எனக்கு எல்லாத்துலயும் பட்டை வாசனைதான் வந்துச்சு. காலையில குடிச்சது ஏப்பத்துல வருதுன்னு நினைச்சேன்."

அதற்குப் பிறகு நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். படித்தவர்கள்தானே நீங்கள் என்று ஆரம்பித்து, போனில் வருகிறதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்கிற ஜனங்கள் என்று தொடர்ந்து, ரத்தம் பரிசோதிக்கிற ஒருத்தியின் வீட்டிலேயே இப்படி என்றால் ஊரில் எப்படி இருக்கும் என்று முடித்தேன். அம்மா தரையைப் பார்த்தார். தம்பி மனைவி அழ ஆரம்பித்தாள். "விடுக்கா, போதும்" என்றான் தம்பி. நான் விடவில்லை.

"முதல்ல இத இந்த வீட்டுக்குள்ள கொண்டுவந்தது யாரு? அந்த மகராசன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

"அக்கா, வேண்டாம். வா, நான் உன்ன வீட்டுல விடுறேன்."

"யாருன்னு கேட்டேன்."

அம்மா மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. அதன் மேல் எங்கள் பரிசோதனைக் கூடத்துச் சீட்டு ஒட்டியிருந்தது.

சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தில் சீட்டு இல்லாத குழாய் குப்பைக்குப் போகும். யார், என்ன, எந்தத் தேதி என்று ஒட்டியிருந்தால்தான் அது ரத்தம். அந்தப் பழக்கம் எனக்கு வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. உப்பு, சர்க்கரை, சோடா, எலி மருந்து என்று இரண்டு வீட்டு டப்பாவுக்கும் நான்தான் சீட்டு ஒட்டுவேன். கிண்டல் செய்வார்கள். ஆனால் என் சீட்டு இருந்தால் அம்மாவுக்கு அது பரிசோதனை முடிந்து பாஸான பொருள். தேதி தாண்டிய பிஸ்கட்டைக்கூட, "அவ ஒட்டியிருக்கா, நல்லாத்தான் இருக்கும்" என்று சாப்பிடுகிறவர்.

சீட்டில் இருந்தது என் கையெழுத்து. தம்பியின் பெயர். கீழே: பட்டைப் பொடி. தினமும் 1 ஸ்பூன். தேதி, எட்டுக் கிலோ குறைக்கச் சொன்னதற்கு மறுநாள்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. மறக்கவில்லை. கெடுத்தது யார் என்று தேடியபோது என்னை மட்டும் கணக்கில் சேர்க்கவே தோன்றவில்லை. அன்று கடையில் கால் கிலோ வாங்கி, மிக்ஸியில் அரைத்து, சலித்து, டப்பாவில் அடைத்தது எல்லாம் நன்றாக நினைவிருந்தது. கொழுப்பு கரையும் என்று எங்கேயோ படித்திருந்தேன். எங்கே என்றுகூடப் பார்க்கவில்லை. வேறு யாராவது அப்படிக் கொண்டுவந்திருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். எட்டுக் கிலோ சீக்கிரம் குறைய வேண்டும், நான் சாகக் கூடாது, அவ்வளவுதான் அன்றைக்கு என் மண்டையில் ஓடியது. நர்ஸ் அக்கா கேட்டபோது நானும் "இல்ல" என்றுதான் சொன்னேன். அது மருந்து என்று எனக்கும் தோன்றவில்லை. அது பட்டைதானே.

செவ்வாய்க்கிழமை மதியம் தம்பி என்னை ஏன் அப்படிப் பார்த்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. குடிகாரன் என்று நான் அவனைச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அவனுக்கு விடை தெரிந்திருந்தது. அதை என்னிடம் சொல்லாமல் மின்விசிறியிடம் கொடுத்துவிட்டான்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். "நான்தான்" என்றேன்.

"ஒரு ஸ்பூன்னுதானே நீ எழுதின" என்றார் அம்மா. "அவன் ரெண்டாக்கிட்டான், நாங்க ஆளுக்கு ஒண்ணு போட்டுட்டோம்." என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். அது வேலை செய்யவில்லை.

மறுநாள் காலை நாலு பேரும் டப்பாவோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். அரைக்காத ஒரு துண்டும் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை உடைக்கப் பார்த்தார். உடையவில்லை.

"பட்டையில வகை இருக்கு" என்றார். "ஒண்ணு காகிதம் சுருட்டின மாதிரி மெல்லிசா, அடுக்கடுக்கா இருக்கும், விரல்ல நொறுங்கும். இது இன்னொண்ணு. தடிமன். கடையில பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். இதுல கூமரின்னு ஒரு பொருள் அதிகம். சமையல்ல போடுற அளவுக்கு பயப்பட வேண்டாம். தினமும் ஸ்பூன் ஸ்பூனா மாசக்கணக்குல சாப்பிட்டா சில பேர் ஈரல் தாங்காது. யாருக்குத் தாங்காதுன்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. பொடியாக்கிட்டா எந்த வகைன்னு பார்த்து சொல்றதும் கஷ்டம்."

"சர்க்கரைக்கு நல்லதுன்னு சொல்றாங்களே டாக்டர்" என்றார் அம்மா.

"சில ஆராய்ச்சியில கொஞ்சம் குறையுது. சிலதுல ஒண்ணும் இல்ல. மாத்திரைக்குப் பதிலா நம்புற அளவுக்கு எதுவும் இல்ல. சர்க்கரை மாத்திரையோட சேர்த்து நிறைய சாப்பிட்டா சர்க்கரை ரொம்ப இறங்கிடவும் வாய்ப்பு இருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களும் கேட்டுட்டுதான் சாப்பிடணும்." அவர் நிறுத்தி அம்மாவை உற்றுப் பார்த்தார். "நீங்களும் சாப்பிடுறீங்களா?"

"நான் மருந்து எதுவும் சாப்பிடறதில்ல" என்றார் அம்மா.

"பட்டை?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அரை ஸ்பூன்" என்றார்.

டாக்டர் எழுதுவதற்கு ஒரு படிவம் கொடுத்தார். சாப்பிட்ட பொருள், அளவு, எத்தனை நாள். கடைசியில், யாருடைய ஆலோசனையின் பேரில் என்று ஒரு கட்டம். தம்பி பேனாவை எடுத்து "சுயமாக" என்று எழுதப் போனான். நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். "ஈரல் பெறப்போகும் அக்கா" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நர்ஸ் அக்கா அதைப் படித்துவிட்டு விரலை மட்டும் மடக்கினார். அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரியில், "மருந்து சாப்பிடுறீங்களா" என்று கேட்டதும், "வீட்டுல பட்டை, பொடி, கஷாயம், எதுவானாலும் சொல்லுங்க" என்று சேர்த்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

எல்லாவற்றையும் நிறுத்தினோம். தம்பி வீட்டில் எந்த டீயிலும் எதுவும் இல்லை. சர்க்கரைகூட இல்லை. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். முதல் வாரம் 190. அடுத்த வாரம் 151. அதற்கடுத்த வாரம் 148, அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. நாலாவது வாரம் என் கால் வீங்கிவிட்டது. கண்ணின் வெள்ளை எங்கள் கூடத்துச் சுவரின் நிறத்துக்கு வந்துவிட்டது. அது மஞ்சள் சுவர். அந்த வாரம் தம்பிக்கு 83. ஐந்தாவது வாரம் எனக்கு நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவனுக்கு ஊசி போட்டேன். இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. அவன் கண்ணை மூடவில்லை.

"வலிக்குதா?"

"நீ குத்துறது பரவாயில்ல. குடிக்கிறியான்னு கேட்ட பாரு, அதுதான் வலிச்சுது."

"மன்னிச்சுருடா."

"சரி, குழாய்ல சீட்டு ஒட்டு. இல்லன்னா குப்பைக்குப் போயிடும்."

மிஷினில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். 36. இரண்டாம் தடவை ஓட்டினேன். 36. மிஷின் நன்றாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலும் எடுத்தார்கள், 35. ஈரலிலிருந்து ஊசியால் துளி எடுத்துப் பார்த்து அதுவும் சரி என்றார்கள். புதுத் தேதி கொடுத்தார்கள்.

ஆபரேஷன் அன்று காலை எங்கள் இரண்டு பேரையும் தள்ளுவண்டியில் படுக்க வைத்து ஒரே வராந்தாவில் விட்டிருந்தார்கள். கொடுக்கிறவனைத்தான் முதலில் உள்ளே கொண்டுபோவார்கள். இரண்டு பேர் மணிக்கட்டிலும் சீட்டுக் கட்டியிருந்தது. அவன் கையை இழுத்து அவனுடையதைப் படித்துப் பார்த்தேன். பெயர், தேதி, ரத்த வகை எல்லாம் சரி. யாரோ ஒழுங்காக வேலை செய்கிறார்கள்.

"அந்த டப்பாவ தூக்கிப் போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"பொடிய அம்மா அன்னைக்கே கொட்டிட்டாங்க" என்றான். "டப்பாவ கழுவி வெச்சிருக்காங்க."

"அது எதுக்கு?"

அவன் மேலே மின்விசிறியைத் தேடினான். வராந்தாவில் மின்விசிறி இல்லை.

"சீட்டு நனையாம கழுவியிருக்காங்க" என்றான். "உன் கையெழுத்து இருக்காம். எதுக்கும் இருக்கட்டும்னு."

எதற்கும் என்றால் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அம்மா வராந்தாக் கோடியில் தம்பி மனைவியோடு பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்கள் வந்து அவன் வண்டியின் சக்கரப் பூட்டைத் தட்டிவிட்டார்கள்.

"அந்த டப்பாக்குள்ள வேற ஏதாவது போட்டு வெக்கப்போறாங்க" என்றேன். "மேல பட்டைன்னு இருக்கு. தப்பு. நான் வந்து சீட்ட மாத்தணும்னு அம்மாகிட்ட சொல்லு."

"நான் மயக்கத்துல இருப்பேன்" என்றான் தம்பி. வண்டி நகர்ந்தது. "நீயே வந்து சொல்லு."